தண்டப் பணம் யார் கைக்கு?



1983ஆம் ஆண்டு. நான் கறுப்புக் கோட்டுப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு சிறிய ஊரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், என் சீனியருக்காக வாய்தா வாங்கக் காத்திருந்தேன். அன்று பெட்டிக் கேஸ் நாள். ஏட்டு ஒருவர் பதினெட்டு, இருபது பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர்கள், குடித்துவிட்டுச் சத்தம் போட்டவர்கள், நடைபாதையில் கடை பரப்பியவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ஒத்துக்கிறியா?" "ஒத்துக்கிறேங்க." தொகையைச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வரிசையில் பூ விற்கும் அம்மா ஒருவர் நின்றார். வயது அறுபது இருக்கும். பேருந்து நிலைய வாசலில் கூடையை வைத்துப் பொதுவழிக்கு இடையூறு செய்தார் என்பது குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவு. ஐம்பது ரூபாய், கட்டத் தவறினால் ஏழு நாள் வெறுங்காவல். அந்த அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து பெஞ்ச் கிளார்க் மேசைமேல் கொட்டினார். நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டுகள், இரண்டு ரூபாய் நோட்டுகள், வெற்றிலைக் காம்பு, சில்லறை. விரல் இடுக்கில் வாழைநார் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று சொச்சம். மீதியை வரிசையில் பின்னால் நின்ற சைக்கிள்காரர் கொடுத்தார். ரசீதை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், கோட்டுப் போட்டவன் என்பதால் என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்தக் காசு யாருக்குப் போவுது?"

"கவர்மென்டுக்கும்மா" என்றேன்.

"நான் கவர்மென்டை என்ன பண்ணேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பொதுவழி, பொது ஒழுங்கு, அரசு என்பது சமூகத்தின் உரு என்று கல்லூரியில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. எதையும் அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடுதான் சட்டப் புத்தகங்களைப் படித்துவருகிறேன். அபராதம் என்றால் என்ன என்று சட்டத்தைக் கேட்டால் ஒரு விடைதான் கிடைக்கும். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று வரலாற்றைக் கேட்டால், ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை வருகிறது. கை மாறினால் அபராதத்தின் பொருளே மாறிவிடுகிறது. இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'அபராதம்' வடசொல். அந்த மொழியில் அதற்குப் பொருள் பிழை, குற்றம். கோயிலில் நின்று "அபராதம் பொறுத்தருள வேண்டும்" என்று வேண்டுகிறவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. தமிழில் நாம் குற்றத்தின் பெயரையே குற்றத்துக்குக் கட்டும் பணத்துக்கு வைத்துவிட்டோம். 'தண்டம்' என்றால் கோல், தடி. ஓங்கிய கோல் தண்டனை ஆகி, தண்டனை பணமும் ஆனது. பக்கத்திலேயே 'தண்டுதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. வசூலித்தல் என்று பொருள். வரி தண்டல், வட்டித் தண்டல் எல்லாம் அதிலிருந்து வருபவை. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதை மொழியறிஞர்கள் தீர்க்கட்டும். தண்டிப்பவரும் தண்டுபவரும் ஒரே கச்சேரியில் உட்கார்ந்திருந்த நாட்டில் மக்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். பயனில்லாமல் போன பணத்துக்கு 'தண்டச் செலவு' என்கிறோம். அபராதம் கட்டிவிட்டு வந்தவர் 'கட்டினேன்' என்று சொல்வதில்லை; 'தண்டம் அழுதேன்' என்கிறார். கொடுத்தலுக்கு அழுதல் என்ற வினையை வைத்த மொழி நம்முடையது.

நாம் தினமும் சொல்லும் 'ஃபைன்' எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீனில் 'ஃபினிஸ்' என்றால் முடிவு. இடைக்கால இங்கிலாந்தில் நில வழக்கை முடித்துவைக்கும் உடன்பாட்டுக்கு அந்தப் பெயர். ஒரே தோலில் மூன்று படி எழுதி, வளைவு வளைவாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்து, அடிப்பகுதியை நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். 1195இல் தொடங்கிய இந்த வழக்கம் 1833இல் ஒரு சட்டத்தால் நீக்கப்படும்வரை நடந்தது. குற்ற வழக்கிலும் அப்படித்தான். மன்னரின் காவலில் இருப்பவன் ஒரு தொகை பேசி விவகாரத்தை முடித்துக்கொள்வான். அப்படி முடித்துக்கொள்ளும் பேரம்தான் 'ஃபைன்'. இன்று போக்குவரத்துக் காவலர் சாலையோரத்தில் நீட்டும் கையடக்க இயந்திரத்தில் நாம் கட்டும் பணமும், மோட்டார் வாகனச் சட்டம் 200ஆம் பிரிவின்படி, வழக்கு நீதிமன்றம் போகாமல் அங்கேயே முடிந்துபோவதற்கான தொகைதான். எண்ணூறு ஆண்டு கழித்துச் சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பியிருக்கிறது.

இனி, கைகளைப் பார்ப்போம்.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டத் தொகுப்பு, சுமேரியாவில் 'ஊர்' என்னும் நகரத்தை ஆண்ட ஊர்நம்மு மன்னரின் காலத்தது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 2100 ஆண்டுகளுக்கு முன். அதில் ஒருவன் பல்லை உடைத்தால் இரண்டு செக்கல் வெள்ளி. கண்ணுக்குக் கண் என்பது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னால் வந்த ஹம்முராபியின் சட்டம். முதலில் பழிக்குப் பழி இருந்தது, பிறகு நாகரிகம் வளர்ந்து பணம் வந்தது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். களிமண் பலகைகள் அப்படிச் சொல்லவில்லை. அதே ஹம்முராபி சட்டத்தில், கோயிலிலோ அரண்மனையிலோ ஆடு மாடு திருடியவன் முப்பது மடங்கும், சாமானியனிடம் திருடியவன் பத்து மடங்கும் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லாவிட்டால் உயிர் போகும். கட்டத் தவறினால் என்ற அந்த இரண்டு சொல், பார்த்தீர்களா, தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹிட்டைட்டுகளின் சட்டம். இன்றைய துருக்கி நிலத்தில் ஆண்டவர்கள். ஒருவன் தலையில் காயம் செய்தால் முன்பு ஆறு செக்கல் கட்டுவார்கள், அதில் மூன்றைக் காயம்பட்டவன் எடுத்துக்கொள்வான், மூன்றை அரண்மனை எடுத்துக்கொள்ளும். இப்போது மன்னர் அரண்மனைப் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார், காயம்பட்டவன் மட்டும் மூன்று செக்கல் பெறுவான் என்று அதில் எழுதியிருக்கிறது. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பலகை அது. தன் பங்கு தனக்கு வேண்டாம் என்று ஓர் அரசு எழுதிக்கொடுத்ததைச் சட்ட வரலாற்றில் நான் அதிகம் பார்த்ததில்லை.

பின்னால் நடந்ததெல்லாம் எதிர்த் திசையில்தான். இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட ஏத்தல்பெர்ட் மன்னரின் சட்டம் கி.பி. 600ஐ ஒட்டியது. முன்பல் நான்குக்கு ஒவ்வொன்றுக்கும் ஆறு ஷில்லிங், அதற்கடுத்த பல்லுக்கு நான்கு, அதற்கடுத்ததற்கு மூன்று, மற்றவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷில்லிங் என்று பல் பல்லாக விலை எழுதிய சட்டம். காது அறுந்தால் பன்னிரண்டு. படிக்கும்போது சிரிப்பு வரலாம். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் காது அறுந்தவனின் அண்ணன் தம்பிகள் வாளோடு கிளம்பியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். பணம் அடிபட்ட வீட்டுக்கே போனது. ஆனால் சுதந்திரமான ஒருவனைக் கொன்றால், அவன் வீட்டாருக்குக் கொடுப்பது தவிர, மன்னருக்கும் ஐம்பது ஷில்லிங் கொடுக்க வேண்டும் என்ற வரியும் அதே சட்டத்தில் இருக்கிறது. அடிபட்டவர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு பெயர், மன்னருக்குப் போவதற்கு வேறு பெயர். சில நூற்றாண்டுகளில் மன்னருடைய பங்கு வீங்கி, வீட்டாருடைய பங்கு குற்றவியல் சட்டத்தைவிட்டே மறைந்துபோனது. காயம் ஒருவனுக்கு, காசு இன்னொருவருக்கு என்ற ஏற்பாடு அங்கே பிறந்தது. 1860இல் இந்திய தண்டனைச் சட்டத்தோடு நமக்கு வந்து சேர்ந்ததும் அதுதான்.

நம் மண்ணில் என்ன நடந்தது? கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் தண்டம் மூன்று தரம். கடைசித் தரம் 48 முதல் 96 பணம், நடுத்தரம் 200 முதல் 500, உயர்தரம் 500 முதல் 1000. கலப்படம், எடைக்குறைவு, பொய்ச்சாட்சி என ஒவ்வொன்றுக்கும் தொகை. அரசின் வருவாய்க் கணக்கைப் போட்ட அதே கைதான் இந்தத் தொகைகளையும் போட்டது என்பதை மறைக்க அந்த நூல் முயலவில்லை. ஆனால் அதில் ஓரிடம் இருக்கிறது: குற்றமற்றவனை அரசன் தண்டித்துவிட்டால், வாங்கிய தொகையைப்போல் முப்பது மடங்கை வருணனுக்கென்று நீரில் இட்டு, பிறகு அந்தணர்க்குத் தர வேண்டும். பெரும் பாதகனின் பொருளை நல்ல அரசன் தனக்கென எடுத்துக்கொள்ளக் கூடாது, நீரில் விட வேண்டும் என்று மனு ஸ்மிருதியும் சொல்கிறது. தண்டப் பணம் கறை படிந்தது, அது கஜானாவில் சேர்ந்தால் கஜானாவையும் கெடுக்கும் என்ற அச்சம் இரண்டிலும் தெரிகிறது. எத்தனை அரசர் உண்மையில் நீரில் விட்டார்கள் என்பது வேறு கேள்வி.

அதே மனு ஸ்மிருதியில்தான் வசைச்சொல்லுக்கான தண்டமும் இருக்கிறது. பிராமணரை ஒரு சத்திரியர் ஏசினால் நூறு பணம், வைசியர் ஏசினால் நூற்றைம்பது அல்லது இருநூறு, சூத்திரர் ஏசினால் உடல் தண்டனை. ஒரு சாராருக்குப் பணத்தோடு போகும் குற்றம் இன்னொரு சாராருக்கு உடம்பில் இறங்குகிறது. சாதாரணக் குடிமகனுக்கு ஒரு காசு தண்டம் என்றால் அதே குற்றத்துக்கு அரசனுக்கு ஆயிரம் என்றும் அந்நூலில் ஓரிடம் உண்டு. அதை எடுத்துக்காட்டி நூலைப் பாராட்டுவோர் இருக்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன். தண்டனை பணமாக இருக்கலாம் என்பதே ஒரு சலுகை. அந்தச் சலுகை யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பாராட்ட முடியும்.

தமிழ்க் கல்வெட்டுகளுக்கு வருகிறேன். இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் மானூர். அங்கே கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் கல்வெட்டு ஒன்று, ஊர்ச்சபையில் யார் பேசலாம், யார் உறுப்பினராகலாம் என்று விதி வகுக்கிறது. கொண்டுவரும் ஒவ்வொரு காரியத்துக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துச் சபையை நடக்கவிடாமல் செய்பவருக்கு ஐந்து காசு தண்டம். இந்தத் தண்டத்தால் யாரும் பணக்காரராகவில்லை. ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட வேலி இது. சபையில் இடம் பெற நிலம் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்பதும் அதே கல்வெட்டுதான். ஆகவே வேலிக்கு உள்ளே இருந்தவர்கள் சிலரே.

ஊர் மன்றம் வாங்கும் தண்டத்துக்கு 'மன்றுபாடு' என்று அழகான ஒரு பெயர் இருந்தது. அரசர் ஓர் ஊரைக் கொடையாகக் கொடுக்கும்போது அந்த ஊரில் பெறத்தக்க வருமானங்களைச் செப்பேட்டில் வரிசையாக எழுதுவார்கள். அந்த வரிசையில் தரகும் தறிவரியும் நிற்கும் இடத்திலேயே மன்றுபாடும் நிற்கும். அதாவது அந்த ஊரார் இனிமேல் செய்யப்போகும் குற்றங்களின் வருமானமும் கொடை பெற்றவருக்குச் சேர்ந்தது. குற்றம் நடக்காத ஊர் அவருக்கு நட்டம். இந்த ஒரு சொல்லை வைத்து ஓர் ஆய்வேடு எழுதலாம். மாணவர்கள் யாராவது எழுத வேண்டும் என்பது என் ஆசை.

சோழர் காலத்து இன்னொரு வகைக் கல்வெட்டைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேட்டைக்குப் போனவன் விலங்கென்று எண்ணி எய்த அம்பு ஒரு மனிதன்மேல் பட்டு அவன் இறந்துபோகிறான். ஊராரும் நாட்டாரும் கூடிப் பேசுகிறார்கள். மனமறிந்து செய்த கொலை அல்ல, இதற்காக இவன் சாக வேண்டாம், கோயிலில் ஒரு விளக்கு வைக்கட்டும் என்று முடிவாகிறது. ஒரு நந்தா விளக்கு என்றால் எவ்வளவு? தஞ்சைப் பெரிய கோயில் கணக்குப்படி ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய், அதற்கு 96 ஆடு. 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள். ஆடுகள் சாகும், கிழடாகும். ஆனால் அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். ஆகவே மந்தைக்குச் சாவும் இல்லை மூப்பும் இல்லை. கொன்றவன் செத்துப்போவான், அவன் பேரனும் செத்துப்போவான், விளக்கு எரியும்.

இளமையில் இதைப் படித்தபோது நெகிழ்ந்துபோனேன். ஓர் உயிர் அணைந்ததற்கு அணையாத ஒரு சுடர். உயிரை எடுக்காமல் உயிருக்கு மதிப்புக் கொடுத்த ஒரு தீர்ப்பு. இன்றும் அந்த நெகிழ்ச்சி போகவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பப் படிக்கும்போது வேறொன்று உறுத்துகிறது. அம்புபட்டுச் செத்தவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்களே? 96 ஆடு ஒரு குடும்பத்தைத் தாங்கக்கூடிய சொத்து. நான் படித்த இவ்வகைக் கல்வெட்டுகளில் விளக்கின் அளவு, நெய்யின் அளவு, ஆட்டின் எண்ணிக்கை, பொறுப்பேற்ற இடையரின் பெயர் எல்லாம் இருக்கின்றன. விதவைக்கு என்ன கிடைத்தது என்பது இல்லை. செத்தவனின் ஆன்மாவுக்குப் புண்ணியம் சேர்ந்ததே போதும் என்று அந்தக் காலம் நம்பியிருக்கலாம். நானும் அந்த நம்பிக்கையை இழிவாகப் பேச மாட்டேன். நாம் இன்று கூடியிருப்பதும், ஒரு குடும்பத்துப் பெரியவரின் நினைவாக நிறுவப்பட்ட கட்டளையினால்தான். கட்டளைகள் மனிதரைவிட நீண்டு வாழ்பவை.

தொகை யாருக்குப் போகிறது என்பதோடு ஒட்டியே இன்னொன்றும் வருகிறது: கட்டுகிறவனிடம் என்ன மிச்சமிருக்கிறது?

ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டம், கி.மு. 450ஐ ஒட்டியது, ஒருவனை அடித்து அவமானப்படுத்தினால் 25 செப்புக் காசு என்று நிர்ணயித்திருந்தது. காலம் போகப் போகக் காசின் மதிப்புத் தேய்ந்தது. லூசியஸ் வெராட்டியஸ் என்ற பணக்காரன் தெருவில் போகிறவர் வருகிறவர் கன்னத்தில் அறைவதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தான் என்று ஔலஸ் கெல்லியஸ் எழுதிவைத்திருக்கிறார். அவன் பின்னால் ஓர் அடிமை பணப்பையோடு நடப்பான். அடிபட்டவர் கையில் உடனே 25 காசை எண்ணிக் கொடுத்துவிடுவான். அந்தத் தொல்லை தாங்காமல்தான் நிலையான தொகையைக் கைவிட்டு, ஒவ்வொரு அவமானத்துக்கும் தனியாக மதிப்பிட ஆட்களை அமர்த்தினார்கள் என்கிறார். பணம் இங்கே அடிபட்டவனுக்கே போனது. ஆனாலும் நீதி நடக்கவில்லை. தண்டம் விலையாகிவிட்டது.

நம் காலத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் இருவர் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் பத்து ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. முன்பு, ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாளே என்ற கூச்சம் இருந்தது. இப்போது காசு கொடுத்தாயிற்று, கூச்சம் தேவையில்லை. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

வெராட்டியஸுக்கு நேர்மாறான மனிதனைப் பற்றி இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா பேசுகிறது. 1215ஆம் ஆண்டு, 20ஆம் கூறு. சுதந்திரமான குடிமகனுக்குக் குற்றத்தின் அளவுக்கேற்பத்தான் தண்டம் போட வேண்டும். பிழைப்புக்கு வேண்டியதைத் தொடக் கூடாது. வணிகனுக்குப் போட்டால் அவன் சரக்கை விட்டுவிட வேண்டும். பண்ணையாளுக்குப் போட்டால் அவன் உழவை விட்டுவிட வேண்டும். அக்கம்பக்கத்து நேர்மையாளர் சத்தியம் செய்து சொல்லாமல் எந்தத் தண்டமும் போடக் கூடாது. பிரபுக்கள் தங்கள் நலனுக்காக எழுதிய ஆவணம்தான் அது. இருந்தும் ஏரை விட்டுவைக்க வேண்டும் என்ற ஒரு வரி அதில் புகுந்துவிட்டது. பூக்கூடையை விட்டுவைக்க வேண்டும் என்று அதற்கு நான் பொருள் சொல்லிக்கொள்வேன்.

மெக்காலே இந்தியாவுக்குத் தண்டனைச் சட்ட வரைவு எழுதியபோது இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார். ஒருவனை ஓட்டாண்டியாக்கும் தொகை இன்னொருவனுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே உச்ச வரம்பைச் சட்டம் எழுதாமல் நீதிபதியிடம் விட வேண்டும் என்பது வாதம். 63ஆம் பிரிவு அப்படித்தான் வந்தது: தொகை குறிப்பிடாத இடத்தில் வரம்பு இல்லை, ஆனால் மிகையாக இருக்கக் கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த சில பிரிவுகள் கட்டத் தவறினால் சிறை என்றன. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்துக்குக்கூட ஐம்பது ரூபாய் வரை இரண்டு மாதம், நூறு ரூபாய் வரை நான்கு மாதம், அதற்கு மேல் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். சட்டம் சிறைக்குரியதல்ல என்று கருதிய குற்றத்துக்கே ஏழை சிறைக்குப் போகிறான். அவன் அங்கே அனுபவிப்பது குற்றத்துக்கான தண்டனையா, கையில் காசில்லாததற்கான தண்டனையா?

அதே ஆங்கிலேய ஆட்சி 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது கூட்டு அபராதத்துக்கென்று தனி அவசரச் சட்டமே போட்டது. தண்டவாளம் பெயர்ந்தால் அந்த வட்டாரத்துக்கே தண்டம். யார் பெயர்த்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றம் தனி மனிதனுடையது என்ற, அவர்களே கொண்டுவந்த கொள்கையை அவர்களே ஓரமாக வைத்தார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே விழும் தண்டம் இன்னும் கொடியது. மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். இலங்கை மலையகத்தில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். நிர்ணயித்த கிலோ கொழுந்து பறிக்காத பெண்ணுக்கு 'அரைப்பேர்' விழும். மழையில் நனைந்து, அட்டை கடித்து, நாள் முழுக்க மலையில் நின்றவளின் உழைப்பில் பாதி கணக்கப்பிள்ளையின் பேனாவில் கரைந்துபோகும். தண்டிப்பவரும் அவரே, தண்டப் பணத்தை வைத்துக்கொள்பவரும் அவர் சார்ந்த தோட்டமே.

இந்த முடிச்சை நேராகத் தொட்ட ஒரு சட்டம் 2025 வரை நம்மிடம் இருந்தது: 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், 8ஆம் பிரிவு. ஆலை முதலாளி தொழிலாளிக்கு அபராதம் போடலாம்; ஆனால் எந்தெந்தச் செயலுக்கு என்று முன்கூட்டியே ஒப்புதல் பெற்று ஒட்டிவைக்க வேண்டும். ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் போகக் கூடாது. 1982இல் இது நூற்றுக்கு மூன்று என்று மாறியது. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு அபராதம் போடவே கூடாது. ஒவ்வொரு அபராதத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பணம் முதலாளிக்குச் சேராது. தொழிலாளர் நலனுக்கு மட்டுமே செலவாக வேண்டும். தண்டிப்பதால் தனக்கு ஒரு காசுகூட மிஞ்சாது என்றால் தண்டிக்கிறவன் கை நிதானமாக இருக்கும் என்று இந்தப் பிரிவை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நம் சட்டப் புத்தகங்களில் பெருமைப்படத்தக்க பிரிவு என்று இதைச் சொல்வேன். பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைத்ததில்லை.

அந்த உணர்வு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரம் சாட்சி. அந்நகரக் காவல்துறையைப் பற்றி அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007இல் வண்டியைத் தவறான இடத்தில் ஒருமுறை நிறுத்தினார். அபராதம் 151 டாலரும் கட்டணங்களும். வீடு வாசல் நிலையில்லாத ஏழை. வாய்தா தவறியது, கட்டணம் ஏறியது, பிடியாணை பிறந்தது. ஆறு நாள் சிறையில் இருந்தார். 550 டாலர் கட்டிய பிறகும் 2014 டிசம்பரில் 541 டாலர் பாக்கி நின்றது. நகரத்தின் வரவு செலவுத் திட்டமே அபராத வருமானத்தை எதிர்பார்த்துப் போடப்பட்டிருந்தது என்றது அறிக்கை. நம் செப்பேட்டு மன்றுபாடு எனக்கு நினைவுக்கு வந்தது.

ஃபின்லாந்து 1921இலேயே வேறு வழி கண்டது. அபராதத்தைப் பணத்தில் சொல்லாமல் நாளில் சொல்வார்கள். இத்தனை நாள் அபராதம் என்று தீர்ப்பு; ஒரு நாளின் மதிப்பு அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. 2002இல் நோக்கியா நிறுவன உயர் அதிகாரி ஒருவர் 50 கிலோமீட்டர் வேகப் பகுதியில் 75இல் போனதற்கு 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் குறைந்தது. ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி என்று இந்த முறை பரவியது. இங்கே 2019 செப்டம்பர் முதல் தலைக்கவசம் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய்; அதற்கு முன் நூறு. தலைக்கவசம் உயிரைக் காக்கிறது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆயிரம் கொத்தனார் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாளின் கூலி, சொகுசு மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு மாலை நேரச் சிற்றுண்டி.

2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறது, வரவேற்கிறேன். கட்டத் தவறினால் சிறை என்பதை எடுத்துவிடவில்லை. ஐயாயிரம் வரை இரண்டு மாதம், பத்தாயிரம் வரை நான்கு மாதம், அதற்கு மேல் ஓராண்டு வரை. பழைய ஆறு மாத உச்சம் ஓராண்டாகியிருக்கிறது. மறுபுறம் 2023இல் ஒன்றிய அரசே, அபராதம் கட்ட முடியாமல் சிறையில் கிடக்கும் ஏழைகளுக்காக இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை தானே கட்டும் திட்டத்தை அறிவித்தது. அரசு விதித்த தண்டத்தை அரசே அரசுக்குக் கட்ட வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம். அந்தத் தொகையை முதலிலேயே கேட்டிருக்கத்தான் வேண்டுமா என்று நீதிமன்றங்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

யோசிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவு, இன்றைய புதிய சட்டத்தில் 395, வசூலாகும் அபராதத்திலிருந்தே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று 1988இல் ஹரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், இழப்பீடு தரலாமா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் பரிசீலித்தே ஆக வேண்டும் என்றது.

ஹரி சிங் தீர்ப்பு வந்த ஓரிரு ஆண்டுகளில் எனக்கு ஒரு வழக்கு. கல் உடைக்கும் தொழிலாளி ஒருவரை மேஸ்திரி கடப்பாரையால் அடித்து இடது முன்கை எலும்பை முறித்துவிட்டார். குற்றம் உறுதியானது. சிறைத் தண்டனையோடு மூவாயிரம் ரூபாய் அபராதம். தீர்ப்பைப் படித்து முடிக்கும் முன் நான் எழுந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கொடுத்து 357ஐச் சொன்னேன். நடுவர் படித்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு காயம்பட்டவருக்கு என்று எழுதினார்.

மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அந்தப் பணத்தைத் தரக் கூடாது என்பது விதி. முப்பது நாள் கழித்து அந்தத் தொழிலாளி வந்தார். கை கூடியிருந்தது, ஆனால் நேராக இல்லை. பெஞ்ச் கிளார்க் அபராதப் பதிவேட்டைத் திறந்தார். நீளமான, துணி அட்டை போட்ட புத்தகம். வழக்கு எண், பிரிவு, கட்டியவர் பெயர், தொகை, ரசீது எண், கருவூலத்தில் செலுத்திய நாள். வாங்குகிறவர் கையெழுத்துப் போட அதில் இடம் இல்லை. இருபத்தைந்து வருட சர்வீஸில் யாரும் வாங்க வந்ததில்லை சார் என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மரக் கோலையும் சிவப்பு மைப் பேனாவையும் எடுத்து, பக்கத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்கு மேலே 'பெற்றவர்' என்று எழுதினார். தொழிலாளி இடது கையால் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் கீழே பெருவிரல் ரேகை வைத்தார்.